கசந்தால் போலி மருந்தா?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. போன முறை தொண்டை வலிக்குக் கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப்பை ஆசையாகக் குடித்தான். இப்போது காதுவலிக்கு செஃப்போடாக்சிம் எழுதியிருக்கிறார்கள். வாயில் விட்டதும் துப்பிவிடுகிறான். நானும் நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஒரே கசப்பு. போலி மருந்தாக இருக்குமோ?
– வாசகி, குடியாத்தம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. கசப்பை மட்டும் வைத்து போலி என்று சொல்ல முடியாது. செஃப்போடாக்சிம் இயல்பிலேயே நல்ல கசப்பு. காட்பாடியில் என் மருந்துக்கடைக்கு அதிகம் திரும்பி வரும் புகார் இதுதான். அமாக்ஸிசிலினின் கசப்பைப் பழவாசனையும் சர்க்கரையும் எளிதில் மூடிவிடும். செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக்கையும் குழந்தைகள் பெரும்பாலும் மறுப்பதில்லை. செஃப்போடாக்சிமில் முதலில் இனிப்பு தெரியும், பின்னாலேயே கசப்பு ஏறிவரும். கம்பெனிக்குக் கம்பெனி வாசனையும் இனிப்பும் மாறும் என்பதால் ஒரே மருந்தே இரண்டு பாட்டிலில் இரண்டு ருசியாக இருக்கும்.

எச்சிலில் கரைவதைத்தான் நாக்கு ருசி பார்க்கும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலைப் பாருங்கள். மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தால் எந்தக் குழந்தையும் வாயைத் திறக்காது. சிரப்பில் அதையே பென்சோயேட் வடிவில் சேர்க்கிறார்கள். அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் கசப்பும் தெரியாது. உள்ளே போன பிறகு உடைந்து வேலை செய்யும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் வேறு வழி: மருந்துத் துகள்களுக்கு மேல் பூச்சு கொடுத்திருப்பார்கள். ஆரஞ்சு ஜூஸில் கலந்தால் புளிப்பு அந்தப் பூச்சைக் கரைத்துவிடும், கசப்பு வெளியே வந்துவிடும். அதை ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. ஆனால் அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் ஆசிட் சேர்ந்த சிரப் பொடியைத் தண்ணீரில் கரைத்த பிறகு ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். நம் வேலூர் வெயிலில் அலமாரியில் வைத்தால் வீரியம் குறைந்துவிடும்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் வேளைகளில் நீர்த்தும் கடைசியில் கெட்டியாகவும் போகும், அளவே தவறிவிடும். கொடுப்பதற்கு முன் ஐஸ் வாட்டர் ஒரு மடக்கு குடிக்கட்டும், நாக்கு மரத்திருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நாக்கின் பின்பகுதியில் பீய்ச்ச வேண்டாம், புரையேறக் கூடும். உடனே ஒரு ஸ்பூன் சாக்லேட் சிரப் கொடுக்கலாம். டம்ளர் நிறைய பாலில் கலக்காதீர்கள். பாதியை வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்?

அப்படியும் துப்பினால், மருந்தை நிறுத்தாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வேறு கம்பெனியின் செஃப்போடாக்சிமோ, காதுவலிக்குப் பொருந்தும் வேறு மருந்தோ அவர் எழுதித் தருவார். துப்பிய வேளைக்குத் திரும்பக் கொடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.