மாம்பழச்சிட்டு பற்றிக் கேளுங்கள்

கேள்வி: சார், பச்சையும் மஞ்சளுமாக ஒரு சின்னக் குருவி. வெள்ளைக்கண்ணியா, மாம்பழச்சிட்டா?

பதில்: சிறகைப் பாருங்கள். குறுக்கே இரண்டு வெள்ளைப் பட்டைகள் இருந்தால் மாம்பழச்சிட்டுதான். வெள்ளைக்கண்ணிக்குப் பட்டை கிடையாது, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருக்கும்.

கேள்வி: ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் முதுகு கறுப்பாக இருக்கிறதே?

பதில்: அது ஆண். கூடு கட்டும் காலத்தில் பல இடங்களில் ஆணின் தலையும் முதுகும் கறுக்கும். மற்ற நாட்களில் வாலைக் கவனியுங்கள்: ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குப் பச்சை.

கேள்வி: சத்தம் கேட்கிறது, ஆளைத்தான் காணோம்.

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான். நீளமாக இழுத்த ஒரு விசில், முடிவில் சட்டென்று இறங்கினால் அதுதான். இலைக்கொத்துக்குள் புகுந்து, சில நேரம் தலைகீழாகத் தொங்கிக்கூடப் புழு பொறுக்கும். இலை அசையும் இடத்திலேயே கண்ணை வைத்திருங்கள்.

கேள்வி: மேலே எழும்பி, பந்து மாதிரி சுழன்று இறங்கியது. அடிபட்டதா ஐயா?

பதில்: இல்லை, பெண்ணைக் கவரும் ஆட்டம் அது! ஆண் உடம்பு இறகுகளையெல்லாம் புசுபுசுவென்று உப்பவைத்துக்கொண்டு மேலே தாவி, சுழன்றபடி கிளைக்கு இறங்கும். நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கேள்வி: கிளைக்கவட்டில் கூடு கட்டியிருக்கிறது. கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் அது. நார்களை வளைத்து, வெளிப்பக்கம் முழுக்கச் சிலந்திவலையைப் பூசி, கிளையோடு கிளையாக ஒட்டவைத்திருக்கும். அந்த மறைவுதான் அதற்குக் காவல். மறைக்கிற ஒரு கொப்பை நீங்கள் விலக்கினால் போதும், காகத்துக்கும் ஓணானுக்கும் வழி திறந்துவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரண்டு வாரம்போல அடைகாக்கும். தூரத்தில் நின்று பைனாகுலரில் பாருங்கள், ஆள் மாறுகிற நேரம் அருமையாக இருக்கும்.

கேள்வி: தானியம் வைத்தால் வருமா ஐயா?

பதில்: வராதுங்க. அதற்குக் கம்பளிப்புழு, சிறு பூச்சி, சிலந்தி வேண்டும். மரத்துக்கு மருந்தடிப்பதை நிறுத்துங்கள், தானே வரும்.

கேள்வி: தன்னைவிடப் பெரிய குஞ்சுக்கு ஊட்டுகிறது. பிரித்துவிடலாமா?

பதில்: அது குயில் இனத்துக் குஞ்சு. சில குயில்கள் இதன் கூட்டில் முட்டையிடும். மனசு கேட்காதுதான், ஆனாலும் கை வைக்காதீர்கள். அந்தக் குஞ்சும் காட்டுப்பறவைதானே.