தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள எந்தக் கைத்துப்பாக்கி?

கேள்வி: மன்னார்குடி பக்கம் நெல் வியாபாரம் செய்கிறேன். சம்பா அறுவடை சமயத்தில் ரொக்கம் நிறையப் புழங்கும். ராத்திரி நேரத்தில் தனியாக வண்டியில் திரும்ப வேண்டியிருக்கும். வேதாரண்யத்தில் ஓர் உப்பளத்தில் பங்கு இருப்பதால் அங்கேயும் போய்வருவேன். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் இருக்கும் மச்சான், "பாக்கெட்டுக்குள் அடங்குகிற குட்டி பிஸ்டலாகப் பார்த்து வாங்குங்க, அதுதான் தினமும் வைத்துக்கொள்ளத் தோது" என்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மச்சான் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே 2008இல் வந்த ரூகர் எல்சிபி மாதிரியான பிஸ்டல்கள் கால் கிலோவைக் கொஞ்சம் தாண்டும் எடையில், உள்ளங்கை அகலத்தில் கிடைக்கின்றன. 2018இல் வந்த சிக் பி365 அதே போல் சின்ன உடம்பில் 10 தோட்டா அடுக்கும் மேகசினோடு வந்தது. ஜீன்ஸ் பாக்கெட்டில் அதற்கென்று செய்த உறையோடு போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிறார்கள். இந்த இரண்டுமே உங்களுக்குக் கிடைக்காது. பொதுமக்களுக்கு விற்கத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலிருந்தே நின்றுபோய்விட்டது. 9 மி.மீ. பிஸ்டலோ படையினருக்கான 'போர்', அதாவது குழல் அளவு. சாதாரண லைசென்சில் வராது. யாராவது "ஒரிஜினல் 9 எம்எம், பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். தடைசெய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 7 வருடச் சிறை.

ஆகவே உங்கள் கை எட்டும் தூரத்தில் இருப்பது .32 போர்தான். கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர்கள் ஒரு வரிசை: பழைய மார்க் 3, 2014இல் வந்த நிர்பீக், 2023இல் வந்த பிரபல். உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் வெப்ளி அண்ட் ஸ்காட் பெயரில் செய்யும் .32 ரிவால்வர் இன்னொன்று. பிஸ்டல்தான் வேண்டுமென்றால் அரசுத் தொழிற்சாலையின் .32 அஷானி. இது போக, தாத்தா காலத்தில் இறக்குமதியாகி லைசென்ஸ் கைமாறி வரும் பழைய வால்தர், கோல்ட், பெரெட்டா பிஸ்டல்கள். இவற்றின் விலை லட்சக்கணக்கில் ஓடுகிறது; பெருமைக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயே நேராக வாங்கிக்கொள்ளலாமா என்று டெல்டாக்காரர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. அதன் பெயர் முக்கியமாகப் படைக்கான துப்பாக்கிகளுக்கு. நீங்கள் லைசென்ஸ் பெற்ற டீலரிடம் போங்கள்.

மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பான நிடர் என்ற .22 ரிவால்வர் சுமார் 250 கிராம்தான். பாக்கெட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் சிலர் அதை எடுக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். .22 தோட்டா விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை. மற்றதைவிட அது வெடிக்காமல் நின்றுபோவது அதிகம். தற்காப்புக்கு அது கடைசித் தேர்வு.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் அடங்குமா என்பதை வைத்து நீங்கள் முடிவெடுக்கவே தேவையில்லை. காரணம், பாக்கெட்டில் சும்மா போட்டுக்கொண்டு போக நம் விதி விடாது. 2016ஆம் வருட ஆயுத விதிகள்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடம்போடு சேர்ந்த ஹோல்ஸ்டர் என்ற துப்பாக்கி உறையிலோ தோள்பை போன்ற உறையிலோதான் கொண்டுபோக வேண்டும். முழுக்க மூடியிருக்க வேண்டும். உங்கள் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும். மறைத்து வைத்திருப்பதுதான் இங்கே சட்டம். இடுப்பில் பளிச்சென்று தெரியும்படி டீக்கடையில் உட்காருவதுதான் தப்பு.

விதியை விடுங்கள், நடைமுறையைப் பாருங்கள். வேட்டிக்குப் பாக்கெட் இல்லை. சட்டைப்பையில் வைத்தால் வரப்பில் குனியும்போது சேற்றில் விழும். பட்டாபட்டி டவுசர் பையில் பணம் வைக்கிற பழக்கத்தில் துப்பாக்கியையும் அதில் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பையில் சாவி, சில்லறை, மூக்குப்பொடி டப்பி எல்லாம் சேர்ந்து கிடக்கும். விசைக்குள் சாவி நுழைந்தால் அடுத்து நடப்பது தொடையில். பச்சை வேட்டி பெல்ட்டின் பர்சும் இதற்குச் செய்ததில்லை. அகலமான நல்ல தோல் பெல்ட், அதில் விசை முழுதும் மூடுகிற, மேலே பட்டன் போட்ட இறுக்கமான ஹோல்ஸ்டர், அதன்மேல் தொங்கும் அரைக்கைச் சட்டை. வேட்டிக்குக் கீழே அரைக்கால் டவுசரில் அந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டாலும் சரி.

இடுப்புக்கு வந்துவிட்டோம் என்றால், நிர்பீக்கின் 500 கிராமுக்கும் பிரபலின் சுமார் 700 கிராமுக்கும் இருக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் சுடும்போது தெரியும். லேசான துப்பாக்கி கையில் அதிகம் துள்ளும், குழல் சின்னதாக இருந்தால் குறி பார்க்கும் தூரமும் சுருங்கும். .32 பலமாக உதைக்கிற தோட்டா இல்லைதான்; ஆனாலும் பதற்றத்தில் இரண்டாவது குண்டு எங்கே போகிறது என்பதில் அந்த 200 கிராம் வேலை செய்யும். பிரபலின் மொத்த நீளமே 18 சென்டிமீட்டருக்குள்தான். மறைப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

ரிவால்வரா பிஸ்டலா என்றால், உங்கள் வேலைக்கு ரிவால்வர் என்பேன். பிஸ்டலில் தோட்டா எண்ணிக்கை கூட, தட்டையாக இருப்பதால் மறைக்கவும் எளிது. சிக்கல் எங்கே என்றால், பழைய பாணி .32 பிஸ்டலை, குழலின் பின்பக்க அறைக்குள் தோட்டா ஏற்றியபடி இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மூட்டை தூக்குவது எனக்குப் பிடிக்காது. சேஃப்டி பூட்டு தேய்ந்தவை, எதிர்பாராமல் தட்டிவிடுபவை என் மேசைக்கு ரிப்பேருக்கு வந்திருக்கின்றன. அறையைக் காலியாக வைத்தால் ஆபத்தில்லை. ஆனால் அவசரத்தில் தோட்டாவை அறைக்குள் ஏற்றும் மேல்பாகமான ஸ்லைடை இழுக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வண்டியின் ஹேண்டில்பாரில் இருக்கும், அல்லது பணப்பையை இறுக்கிப் பிடித்திருக்கும். ரிவால்வரில் இந்தப் பிரச்சினை இல்லை. தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி கீழே இறங்கியே இருக்கும். விசையை நீளமாக, அழுத்தமாக இழுத்தால்தான் சுடும். அந்தக் கனமான விசையைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். தினமும் உடம்போடு வைத்துக்கொள்கிறவருக்கு அதுதான் காவல். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டலில் அதற்கும் ஸ்லைடை இழுக்க வேண்டும்.

மார்க் 3, நிர்பீக் இரண்டும் நடுவில் மடங்கித் திறப்பவை. பிரபலில் சிலிண்டர், அதாவது தோட்டா அறைகள் உள்ள உருளை, பக்கவாட்டில் வெளியே வரும். இரண்டாம் கையாக மடங்கும் வகை வாங்கினால், மூடிய பிறகு குழலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். தாழ்ப்பாள் தேய்ந்திருந்தால் லேசாகக் கடகடக்கும். அதை வாங்க வேண்டாம். சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, சிலிண்டர் ஒவ்வொரு அறைக்கும் சரியாகப் பூட்டி நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மிகப் பழைய ரிவால்வர்களில் சுத்திக்குத் தடுப்பு இல்லாதவை உண்டு. அப்படியானால் சுத்தி இருக்கும் அறையைக் காலியாக விட்டு ஐந்து தோட்டா மட்டும் போடுவதே வழக்கம்.

தோட்டா விஷயத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. கடையில் ".32 தோட்டா" என்று மட்டும் கேட்காதீர்கள். ரிவால்வருக்கு .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், பிஸ்டலுக்கு.32 ஏசிபி. இரண்டும் ஒன்றில்லை. பிஸ்டல் தோட்டாவை ரிவால்வரின் அறைக்குள் நுழைக்க முடிகிறது என்பதாலேயே சிலர் போட்டுச் சுடுகிறார்கள். அதன் அழுத்தம் அந்த ரிவால்வர்களுக்காகக் கணக்கிட்டது இல்லை. உங்கள் லைசென்சில் ரிவால்வரா பிஸ்டலா என்று என்ன எழுதியிருக்கிறது, எத்தனை தோட்டா வரை வைக்கலாம், எந்தக் கெடுவுக்குள் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் முதலில் படித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நம் ஊர்க் காற்று துப்பாக்கிக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுச் சுவரே வியர்க்கும். வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்று. இடுப்பில் வியர்வையில் ஊறுகிற துப்பாக்கி அந்தப் பருவத்தில் ஒரு வாரத்தில் துருப் பூத்துவிடும். டைட்டானியக் கலவை என்பதால் நிர்பீக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்; திருகு, சுருள்வில் எல்லாம் இரும்புதான். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, எண்ணெய் துணியால் ஒருமுறை தடவி வையுங்கள். தோல் ஹோல்ஸ்டருக்குள்ளேயே பீரோவில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் அதிகமாகித் தோட்டாவின் அடிப்பக்கத்தில் இறங்கினால் அது வெடிக்காமல் போகலாம். இடுப்பில் சுமந்த தோட்டாக்களை அவ்வப்போது பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது.

பயிற்சி என்றதும் உடனே சிலர் கண் தென்னந்தோப்புக்குப் போகும். கூடாது. கண்டபடி சுட்டால் லைசென்சே போய்விடும், மனிதர் உயிரும் போகலாம். திருச்சியில் ரைபிள் கிளப் இருக்கிறது, லைசென்ஸ்தாரருக்கு.32 சுட அனுமதி உண்டா, எந்த நாளில் என்று அங்கே கேளுங்கள். வீட்டில், தோட்டா எதுவும் அறையில் இல்லாதபோது, டம்மி தோட்டா போட்டுச் சுவர் பார்த்து விசை இழுத்துப் பழகலாம். கனமான விசையைக் குறி அசையாமல் இழுக்கப் பழகாதவருக்கு எந்த ரிவால்வரும் ஐந்து மீட்டருக்கு அப்பால் பயன்படாது.

எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பது உங்கள் லைசென்சிலேயே இருக்கும். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் எல்லாம் கலெக்டரின் தனி அனுமதி இல்லாமல் முடியாது. திருவாரூர் ஆழித்தேர் அன்று வீட்டில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். டிரைவரிடமோ, மைத்துனரிடமோ "கொஞ்சம் வச்சிரு" என்று கொடுப்பதும் குற்றம். கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டுமேகூட.

வேதாரண்யம் போகிறவர் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 31ஆம் பிரிவின்படி, தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. கோடியக்காடு தாண்டிப் போகிற வேலை இருந்தால் துப்பாக்கி மன்னார்குடி வீட்டிலேயே இருக்கட்டும். சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர்கள் அந்த அலுவலரிடம் பதிவும் செய்ய வேண்டும். இப்போதைக்கு உங்களுக்கு இது பொருந்தாது. உப்பளத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிபோகும் எண்ணம் இருந்தால் அப்போது நினைவில் வையுங்கள்.

வழிப்பறிக்காரன் கத்தியோடு மறித்து உயிருக்குப் பயம் வந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான தற்காப்பு உரிமைப் பிரிவுகள் உங்கள் பக்கம். பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டால் அதே பிரிவுகள் உங்களைக் காப்பாற்றாது. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும். உங்கள் கதையில் இன்னொரு வழியும் இருக்கிறது. விவசாயிக்கு வங்கிக் கணக்கில் போட முடிந்ததை அப்படியே போட்டுவிட்டு, ராத்திரி கொண்டுவரும் ரொக்கத்தைக் குறைத்தால், துப்பாக்கி வேலை செய்ய வேண்டிய இரவுகளும் குறையும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சாவி உங்களிடம் மட்டும் இருக்கும் இரும்புப் பெட்டி ஒன்று முதலில் வாங்குங்கள், துப்பாக்கிக்கு முன்னாலேயே. லைசென்ஸ் விண்ணப்பத்தில் பத்திரமாக வைப்பேன் என்று உறுதி கொடுத்திருப்பீர்கள். ஸ்கூட்டர் டிக்கியும் கார் டேஷ்போர்டும் அந்த உறுதிக்குள் வராது. தொலைந்துபோனால் அதே நாளில் அருகிலிருக்கும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பிரபலும் நிர்பீக்கும் ஒரே கடையில் இருந்தால் இரண்டையும் கையில் வாங்கி, கடைக்காரர் முன்னிலையில் காலி அறையோடு பத்துமுறை விசையை இழுத்துப் பாருங்கள். விரல் நடுவில் நின்றால், கைப்பிடி உள்ளங்கையில் சுழன்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அடுத்ததைக் கேளுங்கள்.