மோட் ஃபைலைப் பூட்ட முடியுமா?

கேள்வி: நானும் நண்பர்களும் ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் கேமுக்கு ஒரு துப்பாக்கி மோட் (கேமில் நாமே சேர்க்கிற கூடுதல் ஃபைல்) செய்து, சொந்தமாக சர்வர் வைத்து விளையாடுகிறோம். வருகிறவர்களில் ஒருத்தர் மோடைப் பிரித்து, துப்பாக்கியின் ரீகாயிலை, அதாவது சுடும்போது அது உதைப்பதை, சுத்தமாக எடுத்துவிட்டு வந்து எல்லாரையும் சுட்டுத் தள்ளுகிறார். ஃபைலை யாரும் திறக்க முடியாதபடி பூட்ட வழி இருக்கிறதா சார்?

பதில்: இல்லை. மோட் அவர் கம்ப்யூட்டரில் ஓட வேண்டுமென்றால் கேம் அதைப் படித்தாக வேண்டும், கேம் படிப்பதை ஆளும் படித்துவிடுவார், இன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த வாரம். மோடைக் கட்டி வைக்கிற பிபிஓ ஃபைலைப் பிரிக்கிற டூல் இலவசமாகவே கிடைக்கிறது. உள்ளே இருப்பதைக் குழப்பி வைக்கிறோம் என்று விற்கிற டூல்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாளைக்கு ஒரு பிழை வந்தால் நீங்கள்தான் முழிப்பீர்கள்.

மாற்றிய ஃபைலோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தலாம், அதற்கு கேமைச் செய்த போஹிமியா கம்பெனியே வழி வைத்திருக்கிறது. ஸ்டீமில் ஆர்மா 3 டூல்ஸ் என்று இலவசமாக இருக்கும். அதில் டிஎஸ் கிரியேட் கீ என்ற டூல் இரண்டு சாவிகள் செய்து தரும், ஒன்று ரகசியமானது, மற்றது 'பிகீ', ஊருக்கே கொடுக்கலாம். ரகசிய சாவியை வைத்து டிஎஸ் சைன் ஃபைல் என்ற டூல் மூலம் ஒவ்வொரு பிபிஓவுக்கும் கையெழுத்துப் போடுங்கள், பக்கத்திலேயே 'பிசைன்' ஃபைல் ஒன்று வந்து உட்காரும். பிகீயை சர்வரின் கீஸ் ஃபோல்டரில் போட்டு, சர்வர் கான்ஃபிக்கில் (சர்வரின் செட்டிங் ஃபைலில்) வெரிஃபை சிக்னேச்சர்ஸ் என்பதற்கு 2 கொடுங்கள். இனி ரீகாயில் எண்ணில் ஒன்றே ஒன்றை மாற்றினாலும் கையெழுத்து ஒத்துப்போகாது, சர்வர் வெளியே தள்ளிவிடும். அவரே புதிதாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தாலும் அவருடைய பிகீ உங்கள் ஃபோல்டரில் இல்லையே!

ஆனால் நீங்கள் அனுமதிக்கிற மற்ற மோட்களின் பிகீயையும் மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் நல்ல பிள்ளைகளும் சேர்ந்து வெளியே போவார்கள். அதே கான்ஃபிக்கில் அலவ்டு ஃபைல் பேட்சிங் 0-விலேயே இருக்கட்டும், 2 வைத்தால் பிபிஓவுக்குள் கட்டாத ஃபைல்களைக் கேமில் ஏற்றிக்கொண்டு வர எல்லாருக்கும் வழி விட்டதாகிவிடும். ரகசிய சாவியை நண்பர்கள் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், பலர் செய்கிற வேலை அது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புது சாவி செய்து பழைய பிகீயை எடுத்துவிட்டால், பழைய மோடோடு வருகிறவர்கள் தொல்லையும் தீரும்.

அப்புறம், பணக் கணக்கு, அட்மின் பட்டியல் மாதிரி ஸ்கிரிப்ட்களைப் பிளேயர் கையில் கொடுக்கவே வேண்டாம். தனி பிபிஓவாக வைத்து 'சர்வர்மோட்' என்ற பாராமீட்டரில் ஓட்டினால் அது சர்வரில் மட்டும் ஏறும், அவருக்குப் பிரிக்க ஃபைலே இருக்காது.

இத்தனைக்கும் பிறகு, ஃபைலைத் தொடாமல் கேம் ஓடும்போது மெமரியில் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிப்பது பேட்டில்ஐ என்ற ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேரின் வேலை, அதை ஆன் செய்து வையுங்கள். வீட்டில் தனியாக விளையாடுகிறவர் உங்கள் மோடை மாற்றினால்? மாற்றிக்கொள்ளட்டும், விடுங்கள்.