தராசு 62 காட்டுகிறது, சாரம் இடுப்பில் நிற்கவில்லை

கல்முனையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு 58 வயது. ஒன்றரை வருடமாக வாரம் இரண்டு தரம் டயலிசிஸ். முடிந்து வரும்போது நிறை எப்போதும் 62 கிலோதான். கிரியேட்டினினும் 10 இலிருந்து 7க்கு இறங்கிவிட்டது. ஆனால் சாரம் இடுப்பில் நிற்குதில்லை. கிட்னி சுகமாகி வருகிறதா, அப்பா மெலிகிறாரா?"

மெலிகிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. சாரம் சொல்வதை நம்புங்கள்.

தராசு காட்டும் 62 இல் சதையும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இரண்டு கிலோ சதை கரைந்து இரண்டு கிலோ தண்ணீர் தங்கினால் எண் அசையாது. யூனிட்டில் குறித்து வைத்த 'ட்ரை வெயிட்' (மேலதிகத் தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய நிறை) பழையதென்றால், ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரை உள்ளே விட்டுத்தான் அனுப்புவார்கள். பிறஷர் இறங்காமல் நிற்கிறதா, கால் வீங்குகிறதா என்று பாருங்கள். "ட்ரை வெயிட்டைத் திரும்பப் பார்ப்பீர்களா?" என்று டொக்டரிடம் கேட்பதில் தப்பில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் அடுத்த முறை வரை காத்திருக்காதீர்கள், உடனே கொண்டு போங்கள்.

கிரியேட்டினின் தசையிலிருந்து இரத்தத்துக்கு வரும் கழிவு, அதைக் கிட்னி வெளியேற்றும். டயலிசிஸ் நேரம் கூடவில்லை, சிறுநீரும் கூடவில்லை, ஆனால் எண் மட்டும் குறைகிறது என்றால் தசை குறைகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படும் குடும்பங்கள் நிறைய.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சி டேப். பிஸ்டுலா (டயலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையை எடுங்கள். தோள் எலும்பின் நுனிக்கும் முழங்கை நுனிக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, டேப் தோலை அழுத்தாமல் சுற்றளவைச் சென்டிமீற்றரில் எழுதுங்கள். டயலிசிஸ் முடிந்த பிறகு, மாதம் ஒரு தரம், ஒரே ஆள் அளக்க வேண்டும். ஒரு தடவை அளந்ததில் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு மாத எண்களை வரிசையாகக் கிளினிக்கில் காட்டினால்தான் பேச்சு. கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிறாரா என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கடையில் விற்கும் 'கொழுப்பு வீதம்' காட்டும் தராசை வாங்க வேண்டாம். தேங்கிய தண்ணீரையும் அது சதைக் கணக்கில் சேர்த்துவிடும். உடம்பில் மெல்லிய மின்னோட்டம் விட்டுச் சதையையும் தண்ணீரையும் பிரித்துக் கணிக்கும் ஆஸ்பத்திரிக் கருவி அதைவிடத் திருத்தமானது. அதிலும் சதையைப் பார்ப்பதென்றால் டயலிசிஸ் முடிந்து அரை மணித்தியாலமாவது போக வேண்டும். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தாலும் சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது, எங்காவது கிருமித் தொற்று இருந்தாலும் இறங்கும்.

சரி, சாப்பாடு. டயலிசிஸ் தொடங்கும் முன் "மீன், முட்டையைக் குறையுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பத்தியத்தையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாரா? டயலிசிஸ் செய்யும்போது ஒவ்வொரு முறையும் புரதச்சத்தின் ஒரு பங்கு கழுவப்பட்டுப் போகிறது. 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 60 முதல் 72 கிராம் வரை புரதம் தேவை. 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20, ஒரு முட்டையில் 6. மத்தியானம் ஒரு சின்னத் துண்டு, இரவில் கஞ்சி என்றால் பாதிகூட வராது. பொட்டாசியம், பொஸ்பரஸ் ரிப்போர்ட்டுடன் டயட்டீஷியனைக் கண்டு அளவைக் கூட்டுங்கள். வாவி மீனோ கடல் மீனோ, புதிதாக இருந்தால் போதும். கருவாட்டிலும் புரதம் உண்டுதான், ஆனால் அந்த உப்புக்குப் பின்னால் தாகம் வரும், தாகத்துக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்பு வரும்.