முதலில் மாசியை விசாரியுங்கள்: இலங்கையில் என்ன சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

கேள்வி: பத்து நாள் பயணமாக இலங்கை போகிறோம். கொழும்பு, தெற்கே திஸ்ஸமகாராமை, கடைசியில் யாழ்ப்பாணம். நானும் கணவரும் மீன், இறைச்சி சாப்பிடுவோம். அம்மா சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். அந்த ஊரின் பழைய உணவு, பானங்களில் எதையெல்லாம் தேடிப் போகலாம்?

பதில்: அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சிக்கல் அவருக்குத்தான். சிக்கலின் பெயர் மாசி. சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல இறுகும்வரை காயவைத்த கருவாடு அது. அதை இடித்துத் தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கட்டச் சம்பல் என்ற தொடுகறிகளில் போடுவார்கள். சில சமையலறைகளில் பருப்பிலும் கீரையிலும்கூட. போடுகிறவர் பலருக்கு அது மீன் கணக்கிலேயே வராது. நாம் பெருங்காயம் போடுவது போலத்தான். ஆகவே “இது சைவமா?” என்ற கேள்வி பயன்படாது. “மாசி போட்டிருக்கிறதா?” என்று கேளுங்கள். சிங்களக் கடையில் “உம்பலகட எப்பா” என்றால் மாசி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். வட்டிலப்பத்தைப் பார்த்து இனிப்புதானே என்று அம்மா கைநீட்டிவிட வேண்டாம்; அது முட்டையில் நிற்கிற பண்டம். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் ‘சைவக் கடை’ என்ற பலகை கண்ணில் பட்டால் இந்த விசாரணை எதுவும் தேவையில்லை.

அவருக்காக நான் தேடச் சொல்வது பொலொஸ் கறி. பலாப்பிஞ்சைத் துண்டுபோட்டு, வறுத்த மசாலாவோடு தேங்காய்ப்பாலில் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவிடுவார்கள். நிறம் கருத்து, நார் நாராகப் பிரியும்போதுதான் பதம்.

அடுத்து, நேரம் பார்த்துப் போங்கள். காலையில் கொள கந்த: வல்லாரை போன்ற இலைகளின் சாறு சேர்த்த பச்சைக் கஞ்சி. ஒரு வாய் கஞ்சி, ஒரு கடி கருப்பட்டி என்று மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். மதியம் சோறும் கறிகளும். ஆப்பத்துக்குப் பெரும்பாலான தெருக்கடைகள் மாலையில்தான் அடுப்பு மூட்டுகின்றன. குழிச்சட்டியில் மாவை ஊற்றி மணிக்கட்டால் ஒரு சுழற்று. ஓரம் கண்ணாடி போல முறுகும், நடு பஞ்சாக நிற்கும். மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் படமெடுத்துக்கொண்டிருந்தால் அந்த ஓரம் தொய்ந்துவிடும். ஹோட்டல் காலை விருந்தில் அடுக்கிவைத்த ஆப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு “நம் ஊரிலேயே கிடைக்கிறதே” என்று சொல்கிறவர்களோடு எனக்கு வழக்கு உண்டு.

தெற்குச் சாலையில் மண்சட்டிகளை வரிசையாக அடுக்கிய கடைகளைப் பார்ப்பீர்கள். எருமைத் தயிர். மேலே கித்துள் பாணி ஊற்றித் தருவார்கள். கித்துள் என்பது நம் கூந்தற்பனை, அதன் பதநீரைக் காய்ச்சியதுதான் பாணி. நல்ல பாணியில் லேசான புகைவாசனை இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் நாக்கில் தட்டினால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று நான் சந்தேகப்படுவேன். நீங்கள் இருவரும் அங்கே அம்புல் தியல் கேளுங்கள்: கொறுக்காய்ப்புளியும் (நம் குடம்புளி) மிளகும் பூசி, நீர் வற்றச் சுண்டவைத்த சூரை மீன். குளிர்பெட்டி இல்லாத காலத்துச் சமையல் என்பதால் நாள்கணக்கில் கெடாது.

குடிக்க, எங்கும் செவ்விளநீர். வில்வப்பூவையும் ஆவாரம்பூவையும் கொதிக்கவைத்த நீரும் உண்டு. இரண்டில் வில்வப்பூவுக்குத்தான் என் ஓட்டு. சாராயம் ருசிபார்க்க நினைத்தால் நாள்காட்டியைப் பாருங்கள். பௌர்ணமி அங்கே போயா விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் தவறவிடக் கூடாதது ஒடியல் கூழ். பனங்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அதன் மாவை ஊறவைத்துக் கசப்பை நீக்கி, கொதிக்கும் பானையில் கரைத்துவிடுவார்கள். பானைக்குள் மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி. உறைக்க மிளகாய், புளிக்கப் புளி. பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றிக் குடித்தால் ஓலையின் மணமும் சேர்ந்து வரும். நண்டுக்காலை உறிஞ்சும் சத்தத்துக்கு யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் இது உறவுகள் கூடும்போது முற்றத்தில் காய்ச்சுகிற சாப்பாடு. எல்லாக் கடையிலும் தினமும் இருக்காது. தங்குமிடத்தில் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள். கள்ளுக்குத் தவறணை என்று விசாரித்துப் போங்கள், காலையிலேயே. பொழுது ஏற ஏறப் புளிக்கும்.

கூழில் பங்கில்லை என்று அம்மா குறைப்படாமல் இருக்க, பனங்கட்டிக் குட்டான் (ஓலைப் பெட்டியில் வார்த்த பனைவெல்லம்) இரண்டும் புழுக்கொடியல் ஒரு கட்டும் வாங்கிக் கொடுங்கள். புழுக்கொடியல் அவித்துக் காயவைத்த கிழங்கு. தேங்காய்ச்சொட்டோடு, அதாவது தேங்காய்த் துண்டோடு, கடித்துச் சாப்பிட வேண்டும். பல் வலுவில்லை என்றால் இடித்த மாவாகவே கேட்டு வாங்குங்கள்.