டாக்டர் சீட்டுக்காக வீட்டுக் கிராண்டைத் தொடாதீர்கள், அண்ணே

சுங்கை சிப்புட்டிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கு முந்தைய ஆறாம் படிவத் தேர்வு) முடிவு வந்தால் இதே கேள்வியோடு வருகிற வீடுகள் நிறைய. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பையனை டாக்டர் படிப்புக்கு அனுப்பலாமா என்பது உங்கள் கேள்வி. ஸ்பீச் தெரபிக்கு, அதாவது பேச்சையும் விழுங்குவதையும் சரிசெய்கிற படிப்புக்கு, அனுப்புங்கள் என்பது என் பதில்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பையன் அறிவியல் பிரிவில் நன்றாகவே எடுத்திருக்கிறான். ஆனால் அரசுப் பல்கலையில் மருத்துவத்துக்கு அந்தப் புள்ளி எட்டாது. தனியாரில் போடு, பணத்தை எப்படியாவது புரட்டலாம் என்கிறார் பெரியப்பா. வெளிநாட்டில் சீட் இருக்கிறது, இந்த மாதமே முன்பணம் கட்டு என்கிறார் ஏஜெண்ட். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய தாத்தாவின் பேரன் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிக்கொண்டு வரவேண்டும் என்ற ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். சரி, ஆறுதல் இத்தோடு போதும். இனி கணக்கைப் பார்ப்போம்.

தனியார் கல்லூரியில் ஐந்து வருட மருத்துவப் படிப்புக்கு ஏறக்குறைய 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை ஆகும். சாப்பாடும் தங்கும் இடமும் தனி. உங்களிடம் இருப்பது கடன் அடைத்து முடித்த ஒரு தாமான் வீடு, அண்ணனின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி), அக்காவின் தொழிற்சாலைச் சம்பளம். பிள்ளைகளின் படிப்புக்கு ஈ.பி.எஃப்.பிலிருந்து எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் 2024 மே முதல் சேமிப்பு மூன்று கணக்காகப் பிரிந்துவிட்டது. படிப்புக்கு எடுக்க முடிவது அவற்றில் செஜாத்தெரா என்ற கணக்கிலிருந்து. புதிதாகப் போகும் பணத்தில் 15 விழுக்காடுதான் அந்தக் கணக்குக்குப் போகிறது. மிச்சத்துக்கு வீட்டுக் கிராண்டைத்தான், அதாவது வீட்டுப் பத்திரத்தைத்தான், அடகு வைக்கவேண்டி வரும். கடைசிப் பெண் இன்னும் படிவம் 2இல் இருக்கிறாள். அவள் படிப்புக்கு எதை வைப்பீர்கள்?

படித்து முடித்த பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் உறுதியில்லை. 2016 கடைசியிலிருந்து புது டாக்டர்களை அரசாங்கம் நிரந்தர வேலையில் இல்லாமல் ஒப்பந்தத்தில் எடுக்க ஆரம்பித்தது. 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையில் வேலையை விட்டு வெளியே வந்து நின்றதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மலேசிய மருத்துவ மன்றம் ஏற்காத வெளிநாட்டுப் பட்டம் என்றால் இங்கே வந்து தகுதித் தேர்வு வேறு எழுதவேண்டும். இதையெல்லாம் அந்த ஏஜெண்ட் சொன்னாரா?

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். மருத்துவம் படிக்கிறாயா என்று நான் கேட்டபோது பையன் உங்கள் முகத்தைப் பார்த்தான். பாட்டியைப் பற்றிக் கேட்டதும்தான் என்னைப் பார்த்து, நிறுத்தாமல் பேசினான். வெற்றிலை போட்ட வாயில் வந்த புற்று, நாக்கில் ஒரு பகுதியை எடுத்தது, அதற்குப் பிறகு பாட்டி பேசுவது வீட்டில் அவன் ஒருவனுக்கு மட்டும் புரிந்தது, கஞ்சி இறங்குகிறது ஆனால் தண்ணீர் மட்டும் புரையேறுகிறது என்று அவனே கண்டுபிடித்தது, எல்லாம் சொன்னான். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் அக்கா சிரிஞ்சில் தண்ணீர் ஊற்றி என்னமோ சோதித்தார், அது என்ன வேலை டீச்சர் என்று கேட்டான். உங்கள் வீட்டில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. என் பதில் முழுக்க அதற்குத்தான்.

அது ஸ்பீச் தெரபி. இந்த வேலை செய்பவரை மலாயில் ஜுருபுலே பெர்த்துத்துரான் என்பார்கள். பேராக்கில் எந்தத் தோட்டத்துப் பக்கம் விசாரித்தாலும் பேசாத பிள்ளைக்குப் பேச்சு சொல்லிக்கொடுக்கிற வேலை என்பார்கள். அது இந்த வேலையில் ஒரு மூலைதான். பிறந்த குழந்தை பால் உறிஞ்சுவதிலிருந்து பக்கவாதம் வந்த தாத்தா விழுங்குவது வரை இவர்கள் கையில்தான்.

விழுங்குவதை நாம் ஒரு வேலையாகவே நினைப்பதில்லை. வாய், தொண்டை, கழுத்து என்று முப்பதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தப்பாமல் அசைந்தால்தான் ஒரு மிடறு இறங்கும். சாப்பாடு தொண்டையைக் கடக்கிற அந்த ஒரு நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலே ஏறி, மூச்சுக்குழாயின் வாசல் மூடவேண்டும். பக்கவாதத்தாலோ அறுவையாலோ கதிர்வீச்சாலோ அந்த மூடல் கொஞ்சம் தாமதமானால், வேகமாக ஓடுகிற தண்ணீர்தான் முதலில் உள்ளே போகும். கெட்டியான கஞ்சி மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு அவகாசம் கிடைக்கிறது. உங்கள் மகன் பாட்டியிடம் பார்த்தது இதைத்தான். சிலருக்கு உள்ளே போனாலும் இருமல் வராது. வீட்டில் நன்றாகத்தான் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் நிமோனியாவோடு வார்டில் படுத்திருப்பார். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரேயில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் வழி தவறுகிறது என்று படமாகவே தெரிந்துவிடும்.

அந்த சிரிஞ்சும் விளையாட்டில்லை. உலகில் பல நாடுகளில் இப்போது உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை தரம் பிரிக்கிறார்கள். 0 என்பது வெறும் தண்ணீர், 7 நாம் சாப்பிடுகிற சாதாரணச் சாப்பாடு. பானத்தின் தரம் பார்க்க 10 மில்லிலிட்டர் சிரிஞ்சை நிரப்பி, அடியில் திறந்து 10 நொடி ஓடவிடுவார்கள். மிச்சம் 1 மில்லிக்குக் குறைவு என்றால் தரம் 0. 1 முதல் 4 மில்லி நின்றால் தரம் 1, 4 முதல் 8 வரை தரம் 2, 8க்கு மேல் நின்றும் கொஞ்சமாவது ஒழுகினால் தரம் 3. ஒழுகவே இல்லை என்றால் தரம் 4, அதைக் கரண்டியால்தான் கொடுக்கவேண்டும். பாட்டிக்கு மைலோ கொடுக்கலாமா என்று கேட்டால் இந்த வேலை தெரிந்தவர் முதலில் தரம் எத்தனை என்றுதான் பார்ப்பார். ரசம் எந்தத் தரம், கேழ்வரகுக் கூழ் எந்தத் தரம், சாம்பாரில் ஊறிய இட்லியை எப்படி மசித்தால் நெஞ்சடைக்காது என்று சொல்ல நம் அடுப்பங்கரை தெரிந்த ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் தருகிற தாளில் புபோர் (மலாய்க் கஞ்சி) என்று போட்டிருக்கும், கூழுக்கு வரி இருக்காது.

நம் ஆட்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். மலேசியாவில் வாய்ப்புற்று இந்தியர்களிடம் அதிகம். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம்தான் முக்கியக் காரணம். தோட்டத்துக் கிழவிகள் பலர் இதில் போயிருக்கிறார்கள். பிழைத்தவர்களுக்குப் பேச்சையும் சாப்பாட்டையும் திரும்பச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

பக்கவாதத்தில் இன்னொன்றும் நடக்கும். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் பலருக்கு மொழியே கலைந்துவிடும். புத்தி இருக்கும், ஆளைத் தெரியும், கரண்டி கேட்க வாயைத் திறந்தால் கத்தி என்று வரும். தமிழ் மட்டுமே பேசி வாழ்ந்த ஒரு மூதாட்டியை மலாயில் சோதிக்க முடியாது. பேரனை மொழிபெயர்க்க வைப்பார்கள். பேரன் நல்ல பையன், பாட்டி கத்தி என்று சொன்னதைக் கரண்டி என்று திருத்திச் சொல்லிவிடுவான். சோதிக்கிறவர் பிடிக்கவேண்டிய தப்பு அங்கேயே மறைந்துபோகும். குழந்தைகளிடம் இது எதிர்ப்பக்கமாக நடக்கும். நம் ஊரில் பெரியவர்களே வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் பேசுகிறார்கள். அது தெரியாதவர் அந்தப் பிள்ளைக்கு உச்சரிப்புக் குறை என்று எழுதிவிடலாம். மூன்று கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற நாட்டில் இந்த வேலை செய்பவர்கள் சில நூறு பேர். அவர்களில் தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் மிகக் கொஞ்சம்.

போகிற போக்கில் ஒன்று. பிள்ளை பேசத் தாமதமானால் வீட்டில் தமிழை நிறுத்தி ஒரே மொழியில் பேசுங்கள் என்று இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மூன்று மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. அந்த அறிவுரையைக் கேட்டுவிட்டு, ஆயாவிடம் பேச வார்த்தையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி வாசலுக்கு வந்து இதைச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் எத்தனை வீடு பிழைக்கும்!

திக்குவாய், அன்னப்பிளவு, ஆட்டிசம், காது கேளாத பிள்ளைகள், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆசிரியர்கள், குரல்வளையையே எடுத்துவிட்ட புற்றுநோயாளிகள் என்று இன்னும் பட்டியல் நீளும். அதையெல்லாம் படிக்கப் போனால் அவனே தெரிந்துகொள்வான்.

சரி, எங்கே படிப்பது? மலேசியாவில் இந்தப் பட்டப்படிப்பை முதலில் தொடங்கியது தேசியப் பல்கலை, யூ.கே.எம்., 1995இல். வகுப்பும் பல்கலையின் சொந்தக் கிளினிக்கும் கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. கிளந்தானில் குபாங் கெரியானில் இருக்கிற யூ.எஸ்.எம். சுகாதார வளாகத்திலும் படிக்கலாம். நான்கு வருடம். உடற்கூறு, மூளை நரம்பு, ஒலியியல், மொழியியல், உளவியல் என்று கலந்து படிக்கவேண்டும். மனப்பாடம் மட்டும் செய்து தப்பிக்க முடியாது, நோயாளி முன்னால் உட்காரவேண்டும். கட்டணத்தைத் தனியார் மருத்துவத்தோடு பக்கத்தில் வைத்தே பார்க்க முடியாது. அரசு மானியம் போக மிச்சத்தை பி.டி.பி.டி.என். என்கிற அரசு உயர்கல்விக் கடனில் சமாளிக்கலாம். அரசுப் பல்கலைகளில் சேர அனுப்புகிற யூ.பி.யூ. விண்ணப்பத்தில் இதை முதல் இடத்தில் போடச்சொல்லுங்கள். நம் பிள்ளைகள் ஒன்பதாவது பத்தாவது இடத்தில் போட்டுவிட்டுக் கிடைக்கவில்லை என்று வருவார்கள். அடுத்த இடத்துக்கு ஆடியாலஜி, காது சம்பந்தப்பட்டது, கிட்டத்தட்ட பக்கத்து வீடு.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இடங்கள் குறைவு, போட்டி உண்டு. டாக்டர் சம்பளம் வராது. அரசு வேலை கையில் வைத்துக் கொடுக்கமாட்டார்கள். கோலாலம்பூர் தனியார் மையங்களில் ஒரு அமர்வுக்கு நூறு வெள்ளிக்கு மேல் வாங்குகிறார்கள், ஆனால் அது முழுக்கக் கைக்கு வராது, மையத்துக்கும் ஒரு பங்கு போகும். ஒரே சொல்லுக்காக மாதக்கணக்கில் உட்காரவேண்டிய வேலை, பொறுமை இல்லாதவன் ஓடிவிடுவான். பெண்கள் அதிகம் இருக்கிற துறை என்பதால் ஆம்பளப் பையனுக்கு இது எதற்கு என்று பெரியப்பா கேட்டாராம். பக்கவாதம் வந்த ஆண்கள் எத்தனை பேர் சின்னப் பெண் முன்னால் உளறிக் காட்ட வெட்கப்பட்டு வாயையே திறக்காமல் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்த வருடம் இடம் கிடைக்கவில்லை என்றால், ஆறு மாத ஆன்லைன் சான்றிதழ், ஸ்பீச் தெரபி டிப்ளமா என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒரு வெள்ளி கூடக் கட்டக்கூடாது. 2016ஆம் ஆண்டின் சுகாதாரத் துணைத் தொழில் சட்டம் (சட்டம் எண் 774) இந்தத் தொழிலையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பட்டமும் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மன்றத்தில் பதிவும் இல்லாமல் பலகை மாட்டினால் குற்றம். அப்படி ஒரு நிலை வந்தால் அடுத்த சுற்றுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். பையனுக்கு 20 வயதுதான், ஒரு வருடத்தில் ஒன்றும் ஓடிப்போகாது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் அனுமதி கேட்டு, அந்தப் பிரிவில் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு யோசிப்போம். வேண்டும் என்று சொன்னால் குறுக்கே நிற்காதீர்கள். பெரியப்பாவை என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். ஏஜெண்டிடம் ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் ரசீதோடு இந்த வாரமே வாருங்கள், அக்கா. திரும்ப வாங்க முடியுமா என்று பார்ப்போம்.