நார்த்தூள் ஆலைக்கு மேய்ச்சல் நிலம் கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கம்புணரி பக்கம் 400 வீடுகள் உள்ள கிராமம் எங்களுடையது. நான் மகளிர் குழு ஊக்குநர். தேங்காய் மட்டையில் நார் பிரிக்கும்போது உதிரும் நார்த்தூளைக் கழுவி, கட்டியாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைக்கு எங்கள் மேய்ச்சல் புறம்போக்கில் இடம் கேட்கிறார்கள். முப்பது பேருக்கு வேலை தருவதாகச் சொல்கிறார்கள். எங்கள் குழு கடலை எண்ணெய்ச் செக்கு போட நினைக்கிறது. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். சித்திரை, வைகாசியில் கிணறுகள் வற்றிவிடும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எதை முதலில் எழுதச் சொல்வது?

பதில்: கண்மாயை முதலில் எழுதச் சொல்லுங்கள். செக்கு அடுத்தது. கழுவும் ஆலைக்கு அந்த நிலத்தைக் கொடுக்க வேண்டாம்.

நார்த்தூளை ஏன் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். அதில் உப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் பசுமைக்குடில்காரர்கள் உப்புக் குறைந்த தூளைத்தான் வாங்குவார்கள். அதனால் நல்ல தண்ணீரைத் திரும்பத் திரும்ப விட்டு அலசுகிறார்கள். வெளியேறும் தண்ணீர் தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக, உப்பும் துவர்ப்பும் கலந்து வரும். அதைத் தேக்கிச் சுத்திகரிக்காமல் நிலத்தில் விட்டால் சுற்றிலும் கிணற்று நீர் நிறம் மாறும். பொள்ளாச்சி வட்டாரத்தில் விவசாயிகள் இதே புகாரைச் சொல்லிவருகிறார்கள். இரண்டு மாதம் கிணறு வற்றும் ஊர் இந்தத் தொழிலைத் தாங்காது.

நார்த் தொழிலே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் வட்டாரத்துக்கு அது பழகிய தொழில். மட்டையிலிருந்து நார் பிரித்து, மோட்டார் ராட்டையில் கயிறு திரிக்கக் கழுவும் ஆலை அளவுக்குத் தண்ணீர் தேவைப்படாது. மிஞ்சும் தூளை உரமாக்கலாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக முறையில் ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் போதும். தூளைப் பரப்பி, ஒரு அடுக்குக்கு வித்து, அடுத்த அடுக்குக்கு யூரியா என்று மாற்றி மாற்றித் தூவி, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சுமார் இரண்டு மாதத்தில் உரம் தயார். ஆலைக்காரர்கள் சொந்தப் பட்டா நிலத்தில் இப்படித் தொழில் நடத்த வந்தால் வரவேற்கலாம். அப்போதும் முப்பது பேரில் எத்தனை பேர் உள்ளூர், எத்தனை பேருக்கு ஆண்டு முழுக்க வேலை என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் வேலைக் கணக்கு எப்போதும் கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும்.

நிலத்துக்கு வருவோம். மேய்ச்சல் புறம்போக்கை ஊராட்சித் தலைவரோ தனி அலுவலரோ தாமாகக் குத்தகைக்கு விட முடியாது. நில வகையை மாற்றுவது வருவாய்த் துறையின் கையில் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்றி ஊருக்கே மீட்டுத்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த நிலம் செலவில்லாத தீவனம். அது போனால் அவர்கள் தீவனத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிவரும். அந்த நட்டத்தை யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள்.

கண்மாய் யாருடையது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குள் இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. மராமத்துக்கு மனு கொடுப்பதும், மரத்தையும் மீன்பாசியையும் (மீன்பிடி உரிமை) யார் ஏலம் விடுவது என்பதும் இதைப் பொறுத்தவை. கருவேலத்தை ஏலம் விடும்போது தூரோடு பிடுங்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும். கரி மூட்டம் போடுகிறவருக்கும் விறகு வியாபாரிக்கும் தரைக்கு மேலே உள்ளது போதும். வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மழைக்கு அதே தூரிலிருந்து நாலைந்து கிளையாக வெடித்து முன்னைவிட அடர்த்தியாக நிற்கும். தூர் எடுத்ததைப் பார்த்த பிறகே ஏலம் எடுத்தவரின் வைப்புத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலையும் மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலுங்கையும் விட்டுவிட்டு, கண்மாயின் உட்பகுதியான உள்வாயை மட்டும் தோண்டினால் பள்ளம் ஆழமாகும், தண்ணீர் வந்து சேராது. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வாங்கி, கடலை போடும் நிலங்களுக்கு அடிக்கலாம். இதில் உங்கள் செக்குக்கும் லாபம் உண்டு.

செக்கு விஷயத்தில் ஏற்றுமதி, ஆன்லைன் விற்பனை என்று இப்போதே யோசிக்காதீர்கள். ஊர் என்ன வாங்குகிறது என்று கணக்கெடுங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 3 லிட்டர் எண்ணெய் என்றால் 400 வீட்டுக்கு 1,200 லிட்டர். பாதிப் பேர் உங்களிடம் வாங்கினாலும் 600 லிட்டர். லிட்டருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு என்று வைத்தால் மாதம் ஒன்றரை டன் பருப்பு வேண்டும். ஒரு ஈடுக்கு, அதாவது ஒரு முறை ஆட்டுவதற்கு, 12 கிலோ போட்டால் 125 ஈடு. மாதம் 25 நாள் ஓட்டினால் நாளைக்கு ஐந்து. ஒரே செக்கு தாராளமாகப் போதும். விற்பனைக்காரர் இரண்டாவது இயந்திரத்தையும் சேர்த்து விற்கப் பார்ப்பார், தலையாட்டிவிடாதீர்கள். மிஞ்சும் புண்ணாக்கு உள்ளூர் மாட்டுக்கே போகும். கடையெண்ணெயைவிட விலை கூடும் என்பதால், பாதி வீடுகள் வாங்குமா என்று வீடுவீடாகக் கேட்ட பிறகே கடனுக்குப் போங்கள். பூஞ்சை பிடித்த பருப்பு ஒரு ஈடில் விழுந்தாலும் பேர் கெட்டுவிடும். காயவைக்கச் சிமெண்ட் களம் அவசியம். அந்தக் களத்தை ஊராட்சித் திட்டத்தில் கேட்கலாம். இயந்திரத்துக்கு மானியம் பற்றி மாவட்டத் தொழில் மையத்திலும், பதிவு பற்றி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் விசாரியுங்கள்.

ஊராட்சியே சம்பாதிக்க முடியுமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. பெரும்பங்கு வங்கிக் கடன். தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. உங்கள் ஊருக்குக் காற்றாலை சரிப்படாது. ஆனால் தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தைக் குறைப்பதே வருமானம் என்று அவர்கள் யோசித்தது உங்களுக்கும் பொருந்தும். மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குச் சூரியத் தகடு கேளுங்கள்.

இவையெல்லாம் கிராம சபையில் தீர்மானமாக வர வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 501 முதல் 3,000-க்குள் என்றால் குறைந்தது 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லுபடியாகும். குழுப் பெண்களே அந்த எண்ணிக்கையை நிரப்பிவிடலாம். “கண்மாயைச் சீரமைக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதாமல் புல எண், வரத்துக்காலின் நீளம், எந்த மடை உடைந்திருக்கிறது என்பதோடு எழுதச் சொல்லுங்கள். மேய்ச்சல் நிலத்தை வகை மாற்றக் கூடாது என்பதைத் தனித் தீர்மானமாகப் போடுங்கள். பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம். தீர்மான நகலை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு வாங்கி, ஒரு பிரதியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இன்னொன்றை வட்டாட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.